வலிப்பு இல்லாத வேளையில் எடுக்கும் ஈ.இ.ஜி.: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஆறு மாதங்களில் இரண்டு முறை வலிப்பு வந்தது. ஈ.இ.ஜி. அறிக்கையில் எல்லாம் இயல்பு என்று இருக்கிறது. ஆனாலும் மருத்துவர் மாத்திரை எழுதியிருக்கிறார். பதிவு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு?

பதில்: ஈ.இ.ஜி. என்பது மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை. வலிப்பு நோய் உள்ளவரின் மூளையில் கோளாறான மின்வீச்சு எந்நேரமும் நடந்துகொண்டிருப்பதில்லை. வழக்கமான பதிவு 20 முதல் 30 நிமிடங்கள்தான். அதற்குள் தோன்றினால்தான் அந்த அலை அகப்படும். நோய் உறுதியானவர்களிலும் முதல் பதிவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே அது தெரிகிறது. தூக்கத்திலும் சேர்த்துத் திரும்பத் திரும்ப எடுத்தால் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தெரியக்கூடும். மற்றவர்களுக்கு எத்தனை முறை எடுத்தாலும் பதிவு இயல்பாகவே இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மின்முனைகள் தலைத்தோலின் மேல் இருக்கின்றன. மூளையின் மேலடுக்கான புறணியில் சுமார் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒரே நேரத்தில் இயங்கினால்தான் மண்டையோட்டைத் தாண்டி அலை வெளியே தெரியும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்பவருக்குக் கெட்டிமேளம் கேட்கும், உள்ளே இருவர் பேசிக்கொள்வது கேட்காது. காதை ஒட்டிய மூளைப் பகுதியான பொட்டு மடலின் உட்புறத்திலோ, நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடலின் அடிப்பகுதியிலோ எழும் சிறிய வீச்சு இப்படித்தான் தவறிப்போகிறது.

ஆகவே இயல்பான பதிவு நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. உடனடிக் காரணம் எதுவுமில்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்திருந்தால் அதுவே வலிப்பு நோய் என்று கொள்ளப்படுகிறது. உங்கள் மருத்துவர் அந்த அடிப்படையில்தான் முடிவெடுத்திருப்பார். வந்தது வலிப்புதானா, வெறும் மயக்கமா என்பதுதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை நேரில் பார்த்தவர் சொல்லும் விவரத்தில் இருக்கிறது. முதலில் கண் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை இழுத்தது, நாக்கின் ஓரம் கடிபட்டதா, தெளிவு வர எவ்வளவு நேரமானது என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த முறை வந்தால், அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, பக்கத்தில் இருப்பவர் ஒருவரைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பல நேரங்களில் அந்த ஒரு நிமிடக் காட்சி பதிவை விட அதிகம் சொல்லும்.

கேள்வி: எட்டு வயது மகனுக்குத் தலைவலி என்று ஈ.இ.ஜி. எடுத்தார்கள். 'ஸ்பைக்' இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. அவனுக்கு இதுவரை வலிப்பு வந்ததே இல்லை.

பதில்: பதற வேண்டாம். வலிப்பே வராத நலமான குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு இத்தகைய அலை தெரிவதுண்டு. தலைவலிக்கு மட்டும் ஈ.இ.ஜி. எடுப்பதால் பெரும்பாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. ஸ்பைக் என்பது 70 மில்லிநொடிக்கும் குறைவான கூர்மையான அலை. அரைத்தூக்கத்தில் வரும் தீங்கற்ற அலைகள் சிலவும் அதுபோலவே தோன்றுவதால், அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர் ஒருவர் பதிவையே மறுபடி பார்ப்பது நல்லது. பேச்சின் நடுவில் சில நொடிகள் வெறித்துப் பார்க்கிறானா, தூக்கத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்து எச்சில் வடிகிறதா என்று கவனியுங்கள். இவை இல்லையென்றால் அலைக்காக மட்டும் மாத்திரை கொடுப்பதில்லை. ஆனால் குழந்தை கற்ற பேச்சை இழந்துவந்தாலோ படிப்பில் திடீரெனப் பின்தங்கினாலோ நிலைமை வேறு. வலிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இரவு முழுதும் தூக்கத்தில் ஓடும் அலைகளே கெடுதல் செய்யும் நோய்கள் உண்டு. அதற்குத் தாமதிக்காமல் சிகிச்சை வேண்டும்.

கேள்வி: பதிவுக்கு முன் எண்ணெய் வைக்கலாமா? மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பதில்: எண்ணெய் கூடாது, முந்தைய நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வலிப்பு இல்லை. பதிவில் மட்டும் அலை போகவில்லை. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: எந்த வகை வலிப்பு என்பதைப் பொறுத்தது. பள்ளி வயதில், தூக்கத்தில் முகம் இழுத்து வரும் வகையென்றால், அது பதின்வயதில் தானாகவே அடங்குவது. அலைகள் சிறிது காலம் பின்தங்கித்தான் மறையும் என்பதால் அவை மட்டும் தடையாகாது. விடிந்ததும் கை வெட்டி இழுத்துக் காப்பி டம்ளரை நழுவவிடும் இளம்பருவ வகையென்றால், எத்தனை ஆண்டு நலமாக இருந்தாலும் நிறுத்தியபின் திரும்ப வருவதே அதிகம். மற்ற வகைகளில், தொடரும் அலை, வலிப்பு திரும்ப வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நிறுத்துவதென்றாலும் பல மாதங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்தக் காலத்தில் வண்டி ஓட்டுவதையும் கிணற்றிலோ குளத்திலோ தனியாக இறங்குவதையும் தவிர்க்க வேண்டும்.