சாஃப்ட்வேருக்கு முன்னாடி டேப்: இன்டீரியர் டிசைன் கேள்வி-பதில்

கேள்வி: புதுசா கத்துக்கிறேன். சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கவா, தியரில ஆரம்பிக்கவா?

ரெண்டுக்கும் முன்னாடி 5 மீட்டர் டேப் ஒண்ணு வாங்குங்க. நீங்க தூங்குற ரூமையே அளந்து 1:50ல கையால வரைங்க, அதாவது 1 மீட்டர்னா பேப்பர்ல 2 செ.மீ. கதவு எந்தப் பக்கம் திறக்குது, ஜன்னல் தரையிலேர்ந்து எவ்ளோ உயரம், ஸ்விட்ச் போர்டு எங்கன்னு எல்லாத்தையும் குறிங்க. கதவைத் திறந்தா ஸ்விட்ச் மறையுதேன்னு பேப்பர்லயே உங்க கண்ணுக்குப் பட்டுச்சுன்னா, பிளான் படிக்க வந்துடுச்சு.

கேள்வி: ரிதம், ஆக்ஸிஸ்னு நோட்ஸ் எழுதியாச்சு, ஆனா மனசுல ஒட்டலயே?

காரைக்குடி பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள்ள போய் நில்லுங்க. வாசல்லேர்ந்து பார்த்தா கதவுக்கு நேர் கதவா, வளவை, அதாவது வீட்டு நடுவுல இருக்குற திறந்த முற்றத்தை, தாண்டி பின்கட்டு வரைக்கும் கண்ணு போகும், அதான் ஆக்ஸிஸ். வளவைச் சுத்தி ஒரே இடைவெளியில தூண் வருதே, அது ரிதம். நிழலா இருக்குற இடத்துலேர்ந்து வெளிச்சம் கொட்டுற வளவுக்கு வரும்போது உடம்புக்கே வித்தியாசம் தெரியும், கான்ட்ராஸ்ட்டை எந்த நோட்ஸும் இப்படிச் சொல்லித் தராது.

கேள்வி: கிச்சன்ல வொர்க் டிரையாங்கிள் ரூல் கட்டாயமா?

சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூணுக்கும் நடுவுல நடக்குற தூரம் மொத்தம் 13லேர்ந்து 26 அடிக்குள்ள இருக்கணும்ங்கிறது ரூல். 1940கள்ல அமெரிக்காவுல இல்லினாய் யுனிவர்சிட்டில பண்ண ஆராய்ச்சில வந்தது, நம்ம மிக்ஸி, கிரைண்டர், மாவு டப்பா எல்லாம் அந்தக் கணக்குல கிடையாது. அதனால சமைக்கிறவங்க பக்கத்துல ஒரு மணி நேரம் நின்னு எங்கெங்க நடக்குறாங்கன்னு கோடு போட்டுப் பாருங்க. நான் ஆரம்பத்துல ஒரு வீட்டுக்கு 34 இன்ச்ல மேடை போட்டுட்டேன், அந்தம்மா 4 அடி 10 இன்ச், குக்கரைக் கிளற தோளைத் தூக்கித் தூக்கி, கடைசில பலகை போட்டு ஏறி நின்னு சமைச்சாங்க, அதைப் பார்த்தப்ப ரொம்ப கஷ்டமா போச்சு. அன்னியிலேர்ந்து முழங்கையை மடக்கச் சொல்லி, அதுக்கு 4-6 இன்ச் கீழ தான் மேடை வைக்கிறேன்.

கேள்வி: பெட்ரூமுக்கு என்ன லைட்?

2700 அல்லது 3000 கெல்வின். கெல்வின்ங்கிறது லைட்டோட நிறத்துக்கான அளவு, எண் குறைஞ்சா மஞ்சளா, ஏறினா வெள்ளையா தெரியும். 6500 வேண்டாம், ஹாஸ்பிட்டல் வார்டு மாதிரி ஆயிடும்.

கேள்வி: பிளான்ல இடம் இருக்கு, சோஃபா வந்தா இடிக்குதே?

வாங்குறதுக்கு முன்னாடியே சோஃபா அளவுக்கு நியூஸ்பேப்பரைத் தரையில ஒட்டிட்டு ரெண்டு நாள் அதைச் சுத்தி நடந்து பாருங்க. முக்கியமான வழி 3 அடி இருக்கணும். காபி டம்ளரோட போறவங்க பேப்பரை மிதிச்சாங்கன்னா சோஃபாவை இன்னும் சின்னதா பாருங்க.