மூன்று நானோமோலார் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

கரிம வேதியியலில் முனைவர் பட்டம் முடித்து, ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு கைனேஸ் நொதியைத் தடுக்கும் சேர்மங்களைச் செய்கிறோம். நான் செய்த ஒன்றுக்கு ஐசி50 மதிப்பு, அதாவது நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு, 3 நானோமோலார் என்று வந்தது. இவ்வளவு குறைவாக வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் செல்களில் போட்டபோது ஐம்பது மடங்கு பலவீனமாகிவிட்டது. எலியில் ஒன்றுமே நடக்கவில்லை. மருந்தியல் பிரிவில் இருக்கும் அக்கா, "இது எதிர்பார்த்ததுதானே" என்றார். ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. நான் மருந்தியல் படித்ததே இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் எண்ணிலிருந்தே தொடங்கலாம். 3 நானோமோலார் தப்பான எண் இல்லை. ஆனால் அது உங்கள் மூலக்கூறின் குணம் மட்டும் அல்ல, அன்றைக்குச் சோதனைத் தட்டின் அந்தக் குழியில் என்னென்ன எவ்வளவு ஊற்றினார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது.

நான் பி.ஃபார்ம் படித்த காலத்தில் கினிப்பன்றியின் குடல் துண்டை, 37 டிகிரியில் காற்றுக் குமிழி ஓடும் உப்புக் கரைசலில் தொங்கவிடுவோம். உடலிலேயே சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை ஒரு துளி விட்டால் குடல் சுருங்கும், அதோடு கட்டிய நெம்புகோலின் முனை, புகையேற்றிய தாளில் வெள்ளைக் கோடு கீறிக்கொண்டு மேலே ஏறும். மெபிரமின் என்ற ஹிஸ்டமின் தடுப்பு மருந்தைச் சேர்த்துவிட்டு அதே துளியை விட்டால் கோடு அசையாது. ஆசிரியர், "இப்போது பத்து மடங்கு விடு" என்றார். விட்டேன். கோடு பழைய உயரத்துக்கே போய் நின்றது. ஒரே ஏற்பிக்கு, அதாவது செல்லில் இந்த மூலக்கூறுகள் வந்து ஒட்டும் புரதத்துக்கு, இரண்டு மூலக்கூறுகள் போட்டி போடுகின்றன, ஒன்றின் அளவைக் கூட்டினால் மற்றது தோற்கும். கையில் கரியோடு அன்று பார்த்த அந்தக் கோட்டை இன்றும் மறக்கவில்லை.

உங்கள் செல்களில் நடந்ததும் இதேதான். பெரும்பாலான கைனேஸ் தடுப்பான்கள், கைனேஸ் தன் வேலைக்குப் பயன்படுத்தும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உட்காரும் இடத்தில்தான் உட்காருகின்றன, உங்களுடையதும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். நொதிச் சோதனையில் வழக்கமாக ஏடிபியை அதன் கேஎம் மதிப்பை (நொதி பாதி வேகத்தில் ஓடும் செறிவை) ஒட்டி வைப்பார்கள். அது 10 மைக்ரோமோலார் என்று கொள்வோம். செங், புருசாஃப் இருவரும் 1973-இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, அந்த நிலையில் உண்மையான பிணைப்பு மதிப்பான கேஐ, ஐசி50-இல் பாதி: 1.5 நானோமோலார். ஆனால் செல்லுக்குள் ஏடிபி மில்லிமோலார் அளவில் இருக்கிறது. 1 மில்லிமோலார் என்றாலே கேஎம்மைப் போல் நூறு மடங்கு. அதே சமன்பாட்டில் போட்டால் ஐசி50 சுமார் 150 நானோமோலார். நீங்கள் சொன்ன ஐம்பது மடங்கு வந்துவிட்டது, பாருங்கள். செல்லுக்குள் நுழைவதில் சிக்கலும் இருக்கலாம். ஆனால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் அதைத் தேடுங்கள்.

சரி, எலி? இரத்தத்தில் 1000 நானோமோலார் இருந்தது என்று அறிக்கை சொல்லலாம். அதில் 99 சதவீதம் பிளாஸ்மா புரதங்களோடு ஒட்டியிருந்தால் தனியாக உலவுவது 10 நானோமோலார்தான். தனியாக உலவும் மருந்துதான் வேலை செய்யும். தேவை 150, இருப்பது 10. ஒன்றும் நடக்காததில் வியப்பே இல்லை. இதைப் படித்ததும் புரதத்தோடு ஒட்டாத மூலக்கூறு செய்யக் கிளம்பிவிடாதீர்கள், வேதியியலாளர்கள் பலர் இங்கேதான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். வாயால் கொடுக்கும் மருந்தில், தனியாக உலவும் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கல்லீரல் அதை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்பதே. கவனத்தை அங்கே வையுங்கள்.

இன்னொன்று, நாளைக்கு நீங்கள் ஏற்பிகள் பக்கம் போனால் உதவும். ஒட்டுவது வேறு, தூண்டுவது வேறு. நான் சொன்ன மெபிரமின் குடலில் ஹிஸ்டமினைத் தடுக்கும், ஆனால் ஹிஸ்டமின் வயிற்றில் சுரக்கவைக்கும் அமிலத்தைத் தடுக்காது. அப்படியானால் வயிற்றில் இருப்பது வேறொரு ஏற்பியாக இருக்க வேண்டும் என்று மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் நம்பினார். 1964-இல் இங்கிலாந்தின் வெல்வினில் அந்த ஏற்பியைத் தடுக்கும் மூலக்கூறைத் தேடத் தொடங்கினார். ஹிஸ்டமினை மாற்றி மாற்றிச் சுமார் 200 சேர்மங்கள் செய்தும், நாலு வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் தேடியது ஆரம்பத்திலேயே கையில் இருந்தது. குவானைல்ஹிஸ்டமின் என்ற சேர்மம் அமிலத்தைச் சுரக்கவைத்ததால் தூண்டி என்று ஒதுக்கப்பட்டிருந்தது. திரும்ப எடுத்துப் பார்த்தபோது, அது அரைகுறையாகத் தூண்டுவது என்று தெரிந்தது. இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஹிஸ்டமின் அளவுக்குத் தூண்டாது. ஆகவே ஹிஸ்டமின் முழு வேகத்தில் இருக்கும்போது அதைக் கொடுத்தால் அமிலம் குறைகிறது. அந்தத் தூண்டும் குணத்தை மட்டும் வேதியியலால் கழித்துக்கொண்டே போனார்கள். 1972-இல் புரிமமைடை அறிவித்தார்கள், வாயால் கொடுத்தால் அது போதிய அளவு உடலில் சேரவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு சில நோயாளிகளின் வெள்ளையணுக்களைக் குறைத்தது. 1976 நவம்பரில்தான் சிமெட்டிடின் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. வயிற்றுப்புண்ணுக்குக் கத்தி வைப்பது அதற்குப்பின் வெகுவாகக் குறைந்தது.

அந்த வெற்றி மருந்துக்குள்ளும் ஒரு பாடம் இருக்கிறது. ஹிஸ்டமினிலிருந்து வந்த இமிடசோல் வளையம் மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகளையும் பிடித்துக்கொண்டது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குச் சிமெட்டிடின் கொடுத்தால் வார்ஃபரின் இரத்தத்தில் ஏறும், இரத்தக்கசிவு ஆபத்து கூடும். பின்னால் வந்த ரானிட்டிடினில் அந்த வளையத்துக்குப் பதில் ஃபியூரான் என்ற வேறு வளையம் வந்தது, இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. வளையத்தை மாற்றுவது உங்கள் தொழில், கே. எதை ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்வது அந்த அக்காவின் தொழில். கூச்சத்தை விட்டுவிட்டு நாளைக்கே அவரிடம் போங்கள். சோதனையில் ஏடிபி எவ்வளவு வைத்தீர்கள், எலியின் பிளாஸ்மாவில் எத்தனை சதவீதம் ஒட்டாமல் இருந்தது, எத்தனை மணி நேரம் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.