இன்வொய்ஸில் 510 போடலாமா?

கேள்வி: மாத்தளையில் மிளகு வாங்கி அனுப்புகிறோம். தூத்துக்குடியில் ஒருவர் கிலோவுக்கு 450 இந்திய ரூபா தருவதாகச் சொல்கிறார். ஆனால் இன்வொய்ஸில் 510 போடவேண்டுமாம், மிச்சம் 60ஐ அவருக்கு வேறு வழியில் திருப்ப வேண்டுமாம். இந்தியாவோடு வரியில்லா ஒப்பந்தம் இருக்கும்போது ஏன் இந்த விளையாட்டு?

பதில்: போடவே போடாதீர்கள்.

வரியில்லை என்பது பாதி உண்மை. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 தொன் வரைதான் விலக்கு. அதற்கு மேல் போனால் தெற்காசிய நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான சாப்டாவின் கீழ் 8 சதவீத வரி. பொதுவான வரி 70 சதவீதம் என்பதைப் பார்த்தால் இது பரவாயில்லை.

உங்கள் ஆளை மடக்குவது வேறொன்று. 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது: கப்பல்கூலி, காப்புறுதி சேர்த்து கிலோ 500 ரூபா. அதற்குக் கீழே வரும் மிளகுக்கு மறு ஆண்டே தடை. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்று கேரள, குடகு விவசாயிகள் கொதித்துப்போயிருந்தார்கள். வியட்நாமுக்கு விரித்த வலையில் மாத்தளை மிளகும் மாட்டிக்கொண்டது. வரி என்றால் விலையில் ஏற்றிச் சமாளிக்கலாம், இதில் அதற்கும் வழியில்லை. தூத்துக்குடிக்குக் கப்பல்கூலி சொற்பம், அதைச் சேர்த்தாலும் உங்கள் 450 அந்த 500ஐ எட்டாது. அதனால்தான் 510 கேட்கிறார்.

சரி, 510 போட்டால் என்ன ஆகும்? அந்த 60 ரூபாவும் உங்கள் வங்கிக்கு ஏற்றுமதி வருமானமாக வரும், வரிக் கணக்கிலும் ஏறும். திருப்பிக்கொடுக்க உண்டியல்தான் வழி, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்புவது. அது இரண்டு நாட்டிலும் சட்டவிரோதம். அப்புறம், 2020 செப்டம்பரிலிருந்து சலுகை வரி கேட்கும் இறக்குமதியாளரிடம் சரக்கு எங்கே விளைந்தது என்று இந்தியச் சுங்கம் துருவிக் கேட்கலாம். அவரிடம் கேட்டால் அவர் உங்களிடம்தான் வருவார். தோட்டக்காரரிடம் வாங்கிய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். வர்த்தகத் திணைக்களத்தில் மூலச் சான்றிதழ் எடுக்கவும் அவை உதவும்.

இந்த வாங்குபவரை விட்டுவிட்டு, மிளகுச் சாறு எடுத்து வெளிநாட்டுக்கு விற்கும் இந்தியத் தொழிற்சாலைகளைத் தேடுங்கள். நம் மிளகில் காரச்சத்து கூடுதல், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். மறு ஏற்றுமதிக்கான முன் அனுமதி அவர்களிடம் இருந்தால் சுங்க வரிப் பேச்சே இல்லை. குறைந்தபட்ச விலை அந்த அனுமதியில் எப்படிப் பொருந்துகிறது என்பதை மட்டும், சரக்கு ஏற்றுமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மற்றவர்களுக்கு விற்பதென்றால், நன்றாகக் காயவைத்துச் சலித்த, எடை கூடிய தரத்தைத் தனியே பிரித்து, உண்மையாகவே 500க்கு மேல் விலை பேசுங்கள்.