வேலை முடிந்த ராத்திரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கிருஷ்ணகிரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். செப்டம்பர் 30-ம் தேதிக்குள் வரித் தணிக்கை அறிக்கைகளை ஏற்றி முடிக்க வேண்டும் என்பதால் கடைசிப் பத்து நாளும் வீட்டுக்குப் போக ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி ஆகிவிடும். போன வருஷம் கடைசி ஃபைலை அனுப்பிய கையோடு நாலு பேர் காரை எடுத்துக்கொண்டு ஒகேனக்கல் போனோம். போய்ச் சேர்ந்ததும் எனக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி, அப்புறம் ரெண்டு நாள் காய்ச்சல். வேலை நடந்தபோது வராதது முடிந்ததும் ஏன் வருகிறது? இந்த வருஷமும் அதே பிளான். வரவில்லை என்றால் சாமியார் என்கிறார்கள்.

பதில்: தம்பி, ஒகேனக்கல் கட்டாயம் போங்கள், பத்து நாள் அப்படி உழைத்தவர்களுக்கு அது வேண்டும். அந்த ராத்திரியே போகாதீர்கள், நான் கேட்பது அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு எழுந்தவர் நள்ளிரவில் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் ஒருவருடைய கவனமும் கை கால் வேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருக்குச் சமமாக மந்தமாகிவிடுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் சட்டப்படி வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு 30 மில்லிகிராம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலேயே அந்த வரம்பைத் தாண்டிய ஆளைப் போலத்தான் ஓட்டுவார், ஊதச் சொன்னால் கருவியிலும் காட்டாது. தர்மபுரி வரை லாரிகளோடு நெடுஞ்சாலை, பென்னாகரம் தாண்டினால் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறக்கம். நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு கணக்கு முடிப்பு ராத்திரியில் தொப்பூர் இறக்கத்தில் எங்கள் வண்டியை ஓட்டியவருக்கு ஒரு நொடி கண் சொக்கிவிட்டது, பக்கத்தில் இருந்தவர் கத்தியதால் பிழைத்தோம். இருபது வருஷம் ஆகியும் அந்தக் கத்தல் எனக்குக் காதில் இருக்கிறது.

தலைவலிக்கு வருவோம். நெருக்கடி இருக்கும்வரை உடம்பு ஒரு முறுக்கில் ஓடுகிறது, அது சட்டென்று தளரும்போதுதான் பலருக்குத் தலைவலி பிடிக்கிறது. இன்னொரு காரணம் டீ. பத்து நாள் ராத்திரியும் பகலும் ஏழெட்டு டீ குடித்துவிட்டு மறுநாள் மத்தியானம் வரை தூங்கினால் டீயே கிடையாது, பழகிய உடம்புக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை வலிக்க ஆரம்பிக்கும். அதனால் டீயை ஒரேயடியாக நிறுத்தாமல் நாளுக்கு ஒன்றாகக் குறையுங்கள், காலை டீ மட்டும் வழக்கமான நேரத்துக்கு இருக்கட்டும். காய்ச்சலுக்குத் தூக்கக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறவர்களைச் சளி சுலபமாகப் பிடிக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? 30-ம் தேதி ராத்திரி பைக்கை ஆபீஸிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போங்கள். வெந்நீரில் குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டுப் படுங்கள். மறுநாள் ஆபீஸில் லேசான வேலை, ராத்திரி சீக்கிரம் தூக்கம். அடுத்த நாள் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி, ஊருக்கே விடுமுறை. (1965-ல் அதே நாளில்தான் தர்மபுரி மாவட்டம் பிறந்தது, அன்று கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தது.) டாஸ்மாக்கும் மூடியிருக்கும், அது உங்களுக்கு நல்லதே. விடியலில் கிளம்புங்கள். காவிரியில் நீர்வரத்து அதிகம் என்றால் பரிசலையும் குளிப்பதையும் நிறுத்திவிடுவார்கள், காலையிலேயே செய்தி பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சாதாரணமாக ஓடினால் முதலில் எண்ணெய் மசாஜ், அப்புறம் குளியல். குளிக்கப் போகும் முன்பே மீனை வாங்கி, அங்கே சமைத்துத் தரும் அம்மாக்களிடம் கொடுத்துவிட்டால் திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். அந்தப் பசிக்கு அந்த மீன், அடடா! ராத்திரி உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவரையும் ஆபீஸ் கூட்டுகிற அம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், அவர்களும்தானே கண்விழித்தார்கள். சாமியார் என்கிறவர்களிடம் தேதியை மட்டும்தான் மாற்றச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அக்டோபர் 31-க்கு ரிட்டர்ன் வேலை காத்திருக்கிறது, யாரும் படுத்துவிடக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

கேள்வி: மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் முழுக்க எனக்கு நைட் ஷிஃப்ட். சீசன் முடிந்து ரெண்டு வாரம் ஆகியும் ராத்திரி தூக்கம் வரவில்லை, கொஞ்சம் குடித்தால் வருகிறது. பரவாயில்லையா? (காவேரிப்பட்டணம்)

பதில்: வேண்டாம் தம்பி. குடித்தால் சீக்கிரம் கண் மூடும், ஆனால் பின்னிரவுத் தூக்கம் உடைந்துபோகும், அதைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் குடிக்கத் தோன்றும். ராத்திரி எப்போது தூங்கினாலும் காலை ஆறரைக்கு எழுந்து அரை மணி நேரம் வெயிலில் நடங்கள். மத்தியானத்துக்கு மேல் டீ வேண்டாம், பகலில் படுத்தால் அரை மணியோடு எழுந்துவிடுங்கள். இன்னும் ரெண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள், குடிக்கிற விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். கூடு விற்ற அன்று என் வீட்டுக்காரர் நண்பர்களோடு கொண்டாடப் போய்விடுகிறார். நான் வளர்ப்பு மனையைக் கழுவிக்கொண்டிருப்பேன். எனக்கும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்பது தப்பா அக்கா? (பாலக்கோடு)

பதில்: தப்பே இல்லை தங்கச்சி. உங்கள் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். ஆபீஸில் வேலை பார்ப்பவருக்குக் கெடு ஒரு தேதி, உங்களுக்கு அது உயிருள்ள புழு. மொத்தத் தீனியில் எண்பது சதவீதத்துக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது, அந்த ஒரு வாரம் இலை வெட்டி, சுமந்து, வேளை தவறாமல் போட்டு, ராத்திரி எழுந்து பார்த்து, அதற்கு நடுவில் வீட்டுக்கும் சமைத்திருப்பீர்கள். கூடு கட்ட விட்டு, பிரித்தெடுத்து, கழிவைப் பொறுக்கியதும் உங்கள் கையாகத்தான் இருக்கும்.

மனையைக் கழுவிக் கிருமி நீக்காவிட்டால் அடுத்த புழுவுக்கு நோய் வரும், அந்த வேலையைத் தள்ள முடியாது. ஆனால் அது அன்று சாயங்காலமே நடந்தாக வேண்டியதில்லை. தோட்டத்தில் அடுத்த இலை துளிர்த்து வர நாள் இருக்கிறது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ரெண்டு பேருமாக இறங்கினால் அரை நாளில் முடியும்.

இதை விற்றுவந்த அன்று பேசாதீர்கள், அப்போது அவர் மனசு நண்பர்களிடம் போயிருக்கும். கூடு கட்டும் நாட்களில் வேலை சற்றுக் குறையுமே, அப்போது உட்கார்ந்து பேசுங்கள். "இந்த முறை நானும் தர்மபுரி வருகிறேன்" என்று ஆரம்பித்தால் போதும். பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் நடக்கும்போது உங்கள் கூட்டுக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பதை நீங்களே நின்று பாருங்கள். பணம் வந்ததும் மற்றச் செலவுக்கு முன்னால் உங்கள் கைக்கென்று ஒரு தொகை, பெரிதாக இருக்க வேண்டாம், கணக்குக் கேட்காத பணமாக இருக்கட்டும். மத்தியானம் ஓட்டலில் இலை போட்டு யாராவது உங்களுக்குப் பரிமாறட்டும். அவர் நண்பர்களைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளட்டும், அதைத் தடுக்க வேண்டாம். நீங்கள் அன்று ராத்திரி வாசலில் பாயைப் போட்டு, புழுச் சத்தம் இல்லாத வீட்டில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஏலத்தில் கிலோ என்ன விலைக்குப் போனது என்று எனக்கும் எழுதுங்கள்.