மொட்டை மாடிச் சூடும் பாயசத்தின் அடியும்

கேள்வி: மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறோம். சாயங்காலம்கூட அவ்வளவு தெரிவதில்லை. இரவு படுக்கும்போதுதான் அனல் அடிக்கிறது. ஃபேனை வேகமாக வைத்தால் இன்னும் மோசம். ஏன்? (வாசகி, வேலூர்)

வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வெப்பம் பரவும் வழிகளைக் கடத்தல் (பொருளுக்குள்ளேயே பரவுவது), சலனம் (சூடான காற்றோ நீரோ நகர்ந்து கொண்டுபோவது), கதிர்வீச்சு (கதிராகப் பாய்வது) என்று தனித்தனியாக நடத்திவிட்டேன். உங்கள் வீட்டில் மூன்றும் கூட்டுச் சேர்ந்து வேலை செய்கின்றன. பகலில் வெயில் கதிராக இறங்கித் தளத்தைச் சுடுகிறது. சித்திரையில் தளத்தின் மேற்பரப்பு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெறுங்காலோடு வடகம் எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். அந்தச் சூடு கான்கிரீட்டுக்குள் கடத்தலாக மெல்ல இறங்குகிறது. அரை அடி கனம்கூட இருக்காது, ஆனாலும் அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். சூரியன் போன பிறகு உங்களைப் படுத்துவது மத்தியான வெயில்தான். ஃபேனை நிறுத்திவிட்டுப் படுத்தபடி முகத்துக்கு மேலே ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அனல் குறைவது தெரியும். கூரையிலிருந்து வரும் கதிரை அட்டை மறைக்கிறது.

ஃபேன் விஷயம் வேறு. சூடான காற்று மேலே ஏறிக் கூரையை ஒட்டித் தங்கும். ஃபேன் அதைத்தான் இழுத்துக் கீழே தள்ளுகிறது. நம் தோலின் சூடு ஏறக்குறைய 34 டிகிரி. வரும் காற்று அதைத் தாண்டிவிட்டால், வியர்வை உலர்வது ஒன்றுதான் லாபம். முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓட விடுங்கள்.

உள்ளே வந்த சூட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, மாடியிலேயே திருப்பி அனுப்புவது மலிவு. தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயின்ட்டோ அடியுங்கள். சுண்ணாம்பு மழையில் கரையும். வருஷா வருஷம் பங்குனிக்குள் அடிக்க வேண்டும். சாயங்காலம் தண்ணீர் தெளிப்பதும் பலன் தரும், தளத்தில் விரிசல் இல்லாவிட்டால்.

கேள்வி: எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் அடிப்பிடிப்பதில்லை, பாயசம் மட்டும் பிடிக்கிறது. செம்பு அடிப் பாத்திரம் வாங்கலாமா? (வாசகர், காரைக்குடி)

ரசம் தண்ணியாக இருப்பதால் அடியில் சூடானது மேலே ஏறும், மேலே இருப்பது கீழே இறங்கும். இந்தச் சலனம் நடக்கும்வரை எதுவும் அடியில் தங்கிக் கருகாது. பாயசம் கெட்டிப்பட்டதும் சுழற்சி நின்றுபோகிறது. கரண்டி போட்டுக் கிளறுவது அந்தச் சுழற்சிக்குப் பதில்தான்.

எவர்சில்வர் மீதும் தப்பு உண்டு. செம்பு அதைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அலுமினியமும் 10 மடங்குக்கு மேல். எவர்சில்வரில் தீ படும் இடம் மட்டும் காயும், பக்கவாட்டில் பரவாது. ஆனால் கடையில் பளபளக்கும் செம்பு அடிகளில் பல வெறும் முலாம். பார்க்க அழகு, பாயசத்துக்கு உபயோகமில்லை. நடுவே தடிமனான அலுமினியத் தகடு வைத்த அடியா என்று கேட்டு, கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ஊரில் பரணில் ஒரு வெண்கல உருளியாவது இல்லாமலா இருக்கும்? இருந்தால் செலவே வேண்டாம்.

கேள்வி: கொதிநீரைவிட இட்லிப் பானை ஆவி பட்டால் அதிகமாகக் கொப்பளிக்கிறதே? (வாசகி, திண்டுக்கல்)

ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு ஆறும்போது 63 கலோரி வெப்பத்தைக் கையில் விடும். ஒரு கிராம் ஆவியோ நீராக மாறுவதற்குள்ளேயே சுமார் 540 கலோரியை விட்டுவிடும்; அப்புறம் அந்த நீர் ஆறும்போது இன்னொரு 63. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இட்லி வெந்துவிடுவதும் இதே கணக்கில்தான். மூடியில் உங்களுக்கு அப்பால் இருக்கும் பக்கத்தை முதலில் தூக்குங்கள். ஆவி அந்தப் பக்கமாகப் போய்விடும்.