சின்னத் தீவு நாட்டுக்குக் கட்சி அரசியல் ஒத்துவருமா?

அளவோடு இருந்தால் ஒத்துவரும். கட்சியே இல்லாமலும் நாடு நடக்கும். பசிபிக் தீவு நாடான துவாலுவின் நாடாளுமன்றத்தில் 16 உறுப்பினர்களும் சுயேச்சைகள்தான். வேட்பாளரை நேரில் தெரிந்தவர்களுக்குச் சின்னம் எதற்கு?

சிக்கல் தேர்தலுக்கு அப்புறம் வருகிறது. யார் பிரதமர் என்பதை உறுப்பினர்களே தங்களுக்குள் பேசி முடிக்கிறார்கள். எந்தக் கொள்கைக்கு ஓட்டுப் போட்டோம் என்று மக்களால் சொல்ல முடிவதில்லை. இன்று 19 பேர் மட்டுமே உள்ள, இன்னொரு பசிபிக் தீவு நாடான நவுருவின் நாடாளுமன்றத்தில், ஓரிருவர் பக்கம் மாறியே ஆட்சிகள் கவிழ்ந்திருக்கின்றன. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்காக இறுக்கமான கட்சிகளும் வேண்டாம். எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் இடத்தில், 'எதிர்க்கட்சிக்காரர்' என்ற முத்திரை அரசு வேலைவரை துரத்தும். தேர்தலுக்கு முன்பே கொள்கையையும் பிரதமர் வேட்பாளரையும் அறிவிக்கும், கொறடா இல்லாத தளர்வான அணிகள் போதும்.