மாதுளைத் தூரில் குண்டூசித் துளை: வண்டா, பூஞ்சாணமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு ஏக்கர் பக்வா மாதுளை, மூன்று வயது. நாலு செடியில் ஒரு பக்கக் கிளை மட்டும் மஞ்சளாகி வாடுகிறது. தூரில் குண்டூசித் துளைகள், மரத்தூள். துளைக்குள் பூச்சிமருந்து விட்டும் நிற்கவில்லை. என்ன செய்வது?

பதில்: நிற்காது. ஷாட் ஹோல் போரர் என்னும் இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. தன் உடலிலுள்ள சிறு பையில் பூஞ்சாணத்தைச் சுமந்து வந்து, சுரங்கச் சுவரில் வளர்த்து, அதைத்தான் தானும் புழுக்களும் தின்கின்றன. பைன் மரத்துப் பட்டை வண்டும் இப்படித்தான் நீலக்கறைப் பூஞ்சாணத்தோடு வரும். அது பட்டைக்கடியில் தங்கும், இது கட்டைக்குள் இறங்கும்.

ஆனால் செடியை வாட்டுவது பெரும்பாலும் செரட்டோசிஸ்டிஸ் என்ற வேறு பூஞ்சாணம். வேர்க்காயம் வழியே நுழைந்து நீர்க்குழாய்களை அடைக்கும். வண்டு குடைந்து தள்ளும் தூளிலும் அதன் வித்துகள் பரவும்.

உறுதி செய்ய, வாடிய கிளையின் அடியைக் குறுக்கே வெட்டுங்கள்; கட்டையில் கரும்பழுப்புத் திட்டு தெரியும். அதில் ஒரு சில்லை இரண்டு கேரட் வில்லைகளுக்கிடையே வைத்து, ஈரத்தாளோடு டப்பாவில் மூடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் கறுப்பு முடிபோல நீட்டி, நுனியில் வெளிர்நிறச் சொட்டு நின்றால் அதுவேதான். வேரில் முடிச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள்; நூற்புழு போட்ட காயம் இதற்குத் திறந்த வாசல்.

முழுக்க வாடியதை வேரோடு பிடுங்கி அங்கேயே எரியுங்கள். வரப்பில் விறகாக அடுக்கினால் வண்டுக்கு விருந்து. வாடத் தொடங்கியதற்கும், சுற்றியுள்ள நல்ல செடிகளுக்கும், லிட்டர் தண்ணீருக்கு புரோபிகோனசோல் 25 ஈசி (பூஞ்சாணக்கொல்லி) 2 மில்லி, குளோர்பைரிபாஸ் 20 ஈசி (பூச்சிமருந்து) 2.5 மில்லி கலந்து, செடிக்கு 8 முதல் 10 லிட்டர் தூரில் ஊற்றுங்கள். 20 நாள் இடைவெளியில் மூன்று முறை. காய் இருக்கும்போது வேண்டாம். குளோர்பைரிபாஸுக்குத் தமிழ்நாட்டில் தற்காலிகத் தடை வந்ததுண்டு; வாங்குமுன் வேளாண் அலுவலரைக் கேளுங்கள். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கடைசி ஊற்றலுக்கு ஒரு மாதம் கழித்தே போடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் செத்துவிடும்.

நல்ல செடிகளின் தூரில் 2 அடி உயரம் பூச்சு: 10 லிட்டர் தண்ணீரில் செம்மண் 4 கிலோ, காப்பர் ஆக்ஸிகுளோரைடு 25 கிராம், குளோர்பைரிபாஸ் 20 மில்லி.

சொட்டுநீரையும் கவனியுங்கள். வேர் மூச்சுத் திணறினால் செடி சாராய வாடை விடும். அந்த வாடைதான் வண்டை இழுக்கிறது. சொட்டுவானைத் தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். கவாத்துக் கத்தரியைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் துடையுங்கள். இந்தத் தோட்டத்திலிருந்து பதியன் எடுக்காதீர்கள்.